நிலத்தடி நீர்த் திட்டத்தை முழு அமைப்பாகப் பார்ப்பது எப்படி?

2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளின் கீழ் 169 உள்இலக்குகள் இருக்கின்றன. நடைமுறையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கைக்குப் போய்விடுவதால், ஒரு துறையின் வெற்றி இன்னொரு துறையின் தலையில் சுமையாக இறங்குகிறது. திட்டமிடும்போதே இதைக் கண்டுகொள்ள உதவுவது அமைப்புச் சிந்தனை, அதாவது பகுதிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பது. சொட்டுநீர்ப் பாசனத்தின் மூலம் நிலத்தடி நீரைக் காக்கும் திட்டம் ஒன்றில் அதைச் செய்து பார்ப்போம்.

முதலில், எதைக் காக்க வேண்டுமோ அந்த இருப்பைத் தாளின் நடுவில் எழுதுங்கள். சொட்டுநீர்ப் பாசனம் ஒரு வழி மட்டுமே. இருப்பு என்பது நிலத்துக்கு அடியில் உள்ள நீர். மழையும் வயலிலிருந்து கசியும் நீரும் அதன் வரவு. கிணறுகள் இறைப்பதும் ஆற்றுக்கு ஊறிச் செல்வதும் செலவு.

அடுத்து, சுழல்களைத் தேடுங்கள். நீர்மட்டம் இறங்கினால் ஒருவர் கிணற்றை ஆழப்படுத்துகிறார். அதனால் பக்கத்துக் கிணறு வற்ற, அவரும் ஆழப்படுத்துகிறார். மட்டம் மேலும் இறங்குகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இத்தகைய சுழலை, அதில் சிக்கியிருப்பவர்களிடம் கேட்காமல் சரியாக வரைய முடியாது.

பிறகு, உங்கள் தீர்வையும் அதே படத்தில் சேர்த்துப் பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான். சொட்டுநீரால் ஒரு வயலுக்கு இறைக்கும் நீர் குறைவது உண்மை. ஆனால் மிச்சமான நீரைக் கொண்டு கூடுதல் நிலத்தில் பயிரிட்டால், பயிர்கள் உறிஞ்சி ஆவியாக விடும் மொத்த நீர் கூடிவிடும். முன்பு கசிந்து நிலத்தடிக்குத் திரும்பிய பங்கும் குறைந்துபோகும். இதேபோல, நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரங்கள் அதன் மொத்தப் பயன்பாட்டைக் கூட்டுவதை ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இலேயே சுட்டிக்காட்டினார். இதற்காக விவசாயியைக் குறை சொல்வது நியாயமல்ல. கையில் மிஞ்சும் நீரைப் பயன்படுத்தத்தான் எவரும் முனைவார்கள். ஆகவே சொட்டுநீரோடு, மொத்தமாக எவ்வளவு இறைக்கலாம் என்ற வரம்பையும் அந்நீரைப் பகிர்ந்துகொள்வோரே கூடி முடிவுசெய்ய வேண்டும்.

தாமதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் உள்ள நீர்த்தேக்கத்தை மழைநீர் எட்டப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், முதல் ஆண்டு அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எத்தனை ஏக்கருக்குக் குழாய் போட்டோம் என்று எண்ணுவதைவிட, அதே கிணறுகளில் ஆண்டுதோறும் மழைக்கு முன்பும் பின்பும் நீர்மட்டத்தை அளந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்.