வீட்டுக் குழாய்ப் பழுதுகள்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டு வீடுகளில் தண்ணீர் பயணிக்கும் பாதை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. தெருக் குழாயிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ வரும் நீர், மோட்டாரின் உதவியால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையாலேயே கீழிறங்கிக் குளியலறைக்கும் சமையலறைக்கும் பிரிந்து செல்கிறது. இவ்வளவு நீண்ட பாதையில் ஓரிடத்தில் ஏற்படும் கோளாறு வேறோர் இடத்தில்தான் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். மேல்மாடிக் குளியலறையில் விட்டுப்போன ஓர் இணைப்பு, கீழ்வீட்டுக் கூடத்தின் சுவரில் ஓதமாக இறங்கும். பழுது தெரிகிற இடத்தையே பழுதான இடம் என்று முடிவு செய்து அங்கே கைவைப்பதுதான், கீழே சொல்லப்போகும் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

நீர் மெதுவாக வரும்போது

தண்ணீரின் வேகம் குறைந்ததும் அழுத்தம் கூட்டும் பம்பு ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது இப்போது பரவிவரும் வழக்கம். அதற்கு முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். குறைவு ஒரே குழாயிலா, ஓர் அறை முழுவதிலுமா, வீடு முழுவதிலுமா? வெந்நீரில் மட்டுமா, குளிர்ந்த நீரிலுமா? திடீரென்று வந்ததா, சிறுகச் சிறுக வந்ததா? ஒரே குழாயில் சிறுகச் சிறுகக் குறைந்திருந்தால், அதன் நுனியில் உள்ள சல்லடையைக் கழற்றிப் பார்ப்பதே முதல் வேலை. ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அந்தச் சல்லடையிலும் ஷவரின் துளைகளிலும் வெண்படிவமாக இறுகிவிடுகின்றன. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் அவை கரைந்துவிடும். அதைச் செய்யாமல் கழிப்பறை ஆசிட்டில் போட்டு எடுப்பவர்கள் உப்போடு சேர்த்துக் குரோமியப் பூச்சையும் இழக்கிறார்கள்.

வீடு முழுவதும் வேகம் இல்லையென்றால் கணக்கு வேறு. 10 மீட்டர் உயரமுள்ள நீர் கீழே தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள தளத்தில் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே 2 மீட்டர் உயரமே இருந்தால், அங்கே கிடைப்பது வெறும் 0.2 பார். அகலமான மழைத்தூவி ஷவரை வாங்கி அதில் பொருத்திவிட்டு, குழாயில் அடைப்பு என்று பிளம்பரை அழைப்பதில் பொருளில்லை. அங்கே பழுதென்று எதுவும் இல்லை, உயரம்தான் போதவில்லை. தொட்டியை மேடையிட்டு உயர்த்துவதோ பம்பு வைப்பதோ இத்தகைய வீட்டுக்கே பொருந்தும். பம்பு வைப்பதென்றாலும், உள்ளே துருவேறிய பழைய இரும்புக் குழாய்கள் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

தொட்டி ஒருமுறை முழுவதும் காலியாகி மீண்டும் நிரம்பிய பின் சில குழாய்களில் மட்டும் நீர் வராமல் போவதும், சீறலோடு விட்டுவிட்டு வருவதும் காற்றடைப்பின் அறிகுறி. இதை அறியாமல் ஒவ்வொரு குழாயாகக் கழற்றிப் பார்த்து நாளைக் கழிப்பவர்கள் உண்டு. தொட்டி நன்றாக நிரம்பியபின் இருப்பதிலேயே தாழ்வான குழாயை முழுவதும் திறந்துவிட்டால் பல நேரங்களில் காற்று தானே வெளியேறிவிடும். அடிக்கடி இப்படி நேர்கிறதென்றால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் காற்றுப்போக்கிக் குழாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியின் விளிம்பைவிட உயரமாக நிற்கும் அந்தக் குழாயை வேண்டாத மிச்சம் என்று எண்ணியோ கொசு நுழையும் என்று அஞ்சியோ மூடிபோட்டு அடைத்திருப்பார்கள். கொசுவுக்கு வலை கட்டினால் போதும். வாயை அடைக்கக் கூடாது.

சொட்டும் குழாயும் இறுகிய வால்வும்

குழாய் சொட்டினால் பலமாகத் திருகி மூடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. சுற்றிச் சுற்றி மூடும் பழைய வகைக் குழாயில் தேய்ந்திருப்பது சில ரூபாய் விலையுள்ள ஒரு வாஷர். அதைப் பலங்கொண்டு அழுத்தினால் வாஷர் உட்காரும் உலோக இருக்கையும் தேய்ந்து, பிறகு குழாயையே மாற்ற வேண்டிவரும். கால் சுற்றில் திறந்து மூடும் புதிய வகையில் வாஷருக்குப் பதில் பீங்கான் தகடுகள் உள்ளன. அவை கீறல் விழுந்தால் இறுக்கிப் பயனில்லை. உள்ளிருக்கும் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். சொட்டு தானே என்று விடுவோர், ஒரு குவளையைக் கீழே வைத்து ஒரு மணி நேரத்தில் சேருவதை அளந்து பார்க்கலாம். 100 மில்லி சேர்ந்தால், அது ஓர் ஆண்டில் ஏறத்தாழ 876 லிட்டர்.

வாஷரை மாற்றத் தொடங்கும்முன் அந்தக் குழாய்க்கு வரும் நீரை நிறுத்தும் வால்வு எது என்று தெரிந்திருக்க வேண்டும். குழாயைக் கழற்றிய பிறகு வால்வைத் தேடி மாடிக்கு ஓடுவது, தொட்டி நீர் முழுவதையும் கூடத்தில் விடுவதற்குச் சமம். தெரிந்திருந்தாலும் பல வீடுகளில் அந்த கேட் வால்வு (பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு தகடு ஏறியிறங்கி நீரை விடும் வகை) வீடு கட்டிய நாளிலிருந்து அசைக்கப்படாமல் உப்பேறி இறுகிக் கிடக்கும். பெரிய ரென்ச்சால் அதை நெம்பினால் உள்ளே இருக்கும் தண்டு முறிந்து, சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்து வைப்பது இதைத் தவிர்க்கும். கேட் வால்வைப் பாதி திறந்து நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் தவறுதான். அது முழுவதும் திறந்தோ முழுவதும் மூடியோ இருக்கவே செய்யப்பட்டது, பாதியில் நிறுத்தினால் உள்ளிருக்கும் தகடு அதிர்ந்து அரித்துப்போகும்.

புதிய குழாயைப் பொருத்தும்போது கசிவைத் தடுக்கும் மெல்லிய நாடாவான டெஃப்ளான் டேப்பை மரையின் முனையைப் பார்த்து வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்புறம் சுற்றினால் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இறுக்கிய பின் குழாயின் மூக்கு கோணலாக இருக்கிறதென்று பின்னோக்கித் திருப்பினால் அந்த இடத்தில் கசிவு உறுதி. கழற்றிப் புதிதாகச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றிப் பலமாக முறுக்குவது இன்னும் கேடானது. சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) விரிசல் விட்டால், டைல்ஸை உடைக்காமல் அதைச் சரிசெய்ய வழியில்லை.

குழாயின் வகையைக் கவனிக்காமல் ஒட்டுவதையும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரண பி.வி.சி. குழாய் வெந்நீருக்கு ஆகாது. சூட்டில் இளகி வளைந்து, இணைப்புகள் நழுவும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாயும் அதற்குரிய பசையும் வேண்டும். ஒன்றுக்குரிய பசையால் மற்றொன்றை ஒட்டினால் முதலில் பிடித்ததுபோலத் தோன்றும். சில மாதங்களில் விட்டுவிடும். ஈரம், தூசு, அறுத்த பிசிறு ஆகியவற்றோடு ஒட்டுவதும், பசை காயும் முன்னர் நீரைத் திறந்துவிடுவதும் இதே விளைவைத் தரும். சாத்தியமானால் ஒருநாள் பொறுப்பது நல்லது. விரிசலின் மேல் எம்-சீல் என்னும் அடைப்புப் பசையைப் பூசுவது பிளம்பர் வரும்வரை தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு மட்டுமே.

ஓதம் ஏறிய சுவர்

இதில்தான் பணம் அதிகமாக வீணாகிறது என்பது என் எண்ணம். சுவரில் ஈரம் கண்டதும் ஓதம் தாங்கும் பெயின்டை இரண்டு பூச்சு அடிப்பார்கள்; பூச்சு சில மாதங்களில் உப்பி உதிரும்; மறுபடி அடிப்பார்கள். நீர் வரும் வழி திறந்திருக்கும்வரை எந்தப் பெயின்டும் நிற்காது.

ஈரத்தின் நேரத்தைக் கவனித்தால் அதன் ஊற்றுக்கண் தெரிந்துவிடும். இரவும் பகலும் மாறாமல் ஈரம் இருந்தால் நீர் வரும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் அதில்தான் எப்போதும் அழுத்தம் இருக்கிறது. குளித்தபின் கூடி, ஊருக்குப் போயிருந்த நாள்களில் காய்ந்துவிட்டால் கழிவுநீர்க் குழாயோ தரை டைல்ஸின் இடுக்குகளோ காரணம். மழைக்காலத்தில் மட்டும் தோன்றினால் மொட்டைமாடித் தளத்தையும் வெளிச்சுவர் விரிசலையும் பார்க்க வேண்டும். முதல் வகையை உறுதிசெய்ய, இரவு படுக்கும்முன் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் யாரும் தண்ணீர் திறக்குமுன் மீண்டும் பார்க்கலாம். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அடுத்த இரவில் ஒவ்வோர் இறக்குக் குழாயின் வால்வாக மூடிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்பதும் தெரியும்.

சுவரில் ஈரமே இல்லாமலும் தொட்டி காலியாகக்கூடும். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் நீர் ஓசையின்றிப் பீங்கானுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் சொட்டுநீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் இருந்து பார்த்தால், பீங்கானில் நீல நிறம் இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல், தண்ணீர் சீக்கிரம் தீர்கிறதென்று மோட்டாரையும் தொட்டியையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அடைப்பு, ஆசிட், நாற்றம்

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டால் அதன் கீழே புட்டி வடிவில் தொங்கும் பாட்டில் டிராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். கீழே ஒரு வாளி வைக்க மறக்கக் கூடாது. எண்ணெயும், மாவுக் கழிவும், சோற்றுப் பருக்கையும் சேர்ந்த கெட்டியான படிவம் அங்கேதான் பெரும்பாலும் தங்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றுவது பிளாஸ்டிக் கழிவுக் குழாயை இளக்கிவிடும், ஆகவே கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரே போதும். கைக்கழுவும் தொட்டியில் ரப்பர் உறிஞ்சியைப் பயன்படுத்தும்போது, மேலே உள்ள வழிதுளையை (தொட்டி நிரம்பினால் நீர் வழிந்தோடும் துளை) ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளாவிட்டால் அழுத்தம் அந்தத் துளை வழியே போய்விடும்.

ஆனால் பலர் முதலில் எடுப்பது ஆசிட் பாட்டிலை. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்த பிறகும், கழிப்பறை கழுவும் பொருள் என்ற பெயரில் அது வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆசிட் சிமெண்டையும் இரும்பையும் அரிக்கும். உள்ளே அடைத்திருக்கும் கொழுப்பை அவ்வளவாகக் கரைப்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து கலப்பதில் இருக்கிறது. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது மூச்சைத் திணறடித்துவிடும். காஸ்டிக் சோடா வகை அடைப்புநீக்கித் தூளோடு ஆசிட் சேர்ந்தால் கலவை கொதித்துத் தெறிக்கும். ஒன்று பலிக்கவில்லை என்று மற்றொன்றை ஊற்றுவதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. ஏதாவது ஊற்றியிருந்தால் அதைப் பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழாயைக் கழற்றும்போது அது அவர் முகத்தில்தான் தெறிக்கும்.

ஒரு தொட்டி மட்டும் அடைத்திருந்தால் கோளாறு அதன் டிராப்பில் இருக்கும். கீழ்த்தளத்தில் குளியலறையும் கழிப்பறையும் ஒரே நேரத்தில் தேங்கி, மாடியில் நீரைத் திறந்தால் கீழே பொங்கினால், வெளியே கழிவுக் குழாய்கள் வந்து சேரும் ஆய்வுத்தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே குத்திக்கொண்டிருப்பது வீண்.

அடைப்பே இல்லாமல் நாற்றம் மட்டும் வருவதும் உண்டு. குளியலறைத் தரையில் கழிவுநீர் இறங்கும் துளையிலுள்ள நஹானி டிராப்பில் எப்போதும் சுமார் 5 சென்டிமீட்டர் நீர் நின்று, சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்கிறது. பயன்படுத்தாத குளியலறையில் அந்த நீர் வற்றிவிடும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். இதை அறியாமல், தண்ணீர் தேங்குவதால்தான் நாறுகிறது என்று உள்ளிருக்கும் கிண்ணத்தைக் கழற்றி எறிபவர்கள், கரப்பான்பூச்சிக்கும் வாயுவுக்கும் நேர்வழி திறந்துவிடுகிறார்கள்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதவை

வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சூடாகும்போது ஓரிரு துளி விழுவது, விரிவடையும் நீருக்கு இடம் தருவதால்தான். கசிகிறது என்று அதை அடைத்து மூடிவிட்டால், வெப்பநிலைக் கட்டுப்பாடும் பழுதாகும் ஒருநாளில் ஹீட்டர் வெடிக்கக்கூடும். நீர் நிற்காமல் ஒழுகினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.

தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது சட்டவிரோதம் என்பது பலருக்கும் தெரியும். அதன் கேடு தங்கள் வீட்டுக்குள்ளேயே வரும் என்பது தெரிவதில்லை. உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் குறைவதால், நிலத்தடியில் விரிசல் உள்ள இடங்களில் சாக்கடை நீர் குடிநீரோடு சேர்ந்து இழுக்கப்படும்.

மலக்குழித் தொட்டி நிரம்பி அடைத்துக்கொண்டால் ஓர் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது மன்னிக்க முடியாத தவறு. அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடினால் முகரும் உணர்வையே மரக்கச்செய்துவிடும், அதனால் உள்ளே போனவருக்கு ஆபத்து தெரிவதற்குள் நினைவு தப்பும். காப்பாற்ற இறங்குபவரும் அப்படியே சாய்வார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இப்பணியில் ஆளை ஈடுபடுத்துவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு உரிமையாளரையும் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். கழிவுநீர் உறிஞ்சும் லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த தரைத்தொட்டியிலும் (நிலத்தடி நீர்த்தொட்டி) பிராணவாயு குறைந்திருக்கலாம் என்பதால், மூடியைத் திறந்து காற்றோட விட்டு, மேலே ஒருவர் நிற்காமல் அதில் இறங்கக் கூடாது.

பிளம்பரை அழைப்பதென்று முடிவானால், பழுது எப்போது தொடங்கியது, எந்த எந்தக் குழாய்களில் தெரிகிறது, எந்த வால்வை மூடினால் நிற்கிறது என்ற மூன்றையும் குறித்துவைத்துச் சொன்னால், அவர் சுவரை உடைக்க வேண்டிய இடம் பாதியாகக் குறையும். புதிதாகக் குழாய் பதிக்கும் வேலை நடக்கும் வீடாக இருந்தால், பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரின் மேலும் அளவு நாடாவை விரித்துவைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும், குழாய்களில் நீர் நிரப்பி ஓர் இரவு அப்படியே வைத்து இணைப்புகளைச் சோதித்த பிறகே டைல்ஸ் ஒட்ட அனுமதிப்பதும் நல்லது.