ஆர்எஸ்-485 லைன்: இரண்டு ஒயர் போதாது

லோட்ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு பழகிப்போனதில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தொழிற்சாலைகளில் ஜெனரேட்டரும் சோலார் இன்வெர்ட்டரும் பெருகிவிட்டன. எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க ஆர்எஸ்-485 லைன் இழுக்கிறார்கள்; அதில் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி மோட்பஸ். ஏதாவது ஒரு கருவி பதில் சொல்லாவிட்டால் முதலில் திட்டு வாங்குவது சாஃப்ட்வேர்தான். ஆனால் கோளாறு பெரும்பாலும் ஒயரிலும் எர்த்திலும் இருக்கும்.

முதலில் கேபிள். 120 ஓம் இம்பிடென்ஸ் உள்ள முறுக்கு ஜோடி, காமனுக்கு (சிக்னலின் பூஜ்ய வோல்ட் முனை) தனி ஒயர், மேலே ஷீல்டு என மூன்றும் வேண்டும். கடற்காற்று அடிக்கும் இடத்தில் வெள்ளீயம் பூசிய செம்பாகப் பாருங்கள். வெறும் செம்பு டெர்மினலிலேயே பச்சை பூத்துவிடும். நுனிகளுக்கு ஃபெரூல் (நசுக்கிப் பொருத்தும் சிறு உலோகக் குழல்) போடுங்கள்.

கருவியிலிருந்து கருவிக்குச் சங்கிலியாகவே போக வேண்டும். நடுவிலிருந்து நாலு பக்கமும் கிளை பிரித்தால் ஒவ்வொரு கிளையின் முனையிலிருந்தும் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும். பவர் கேபிளிலிருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளி ஓட்டுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாக. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள்தான் இருப்பதிலேயே மோசமான அண்டை வீடு.

சங்கிலியின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் எங்கும் வேண்டாம். கருவிகளையெல்லாம் ஆஃப் செய்துவிட்டு ஒரு கோடியில் மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் பக்கம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதைப் போட்டிருக்கிறார், பெரும்பாலும் ஏதோ ஒரு கருவிக்குள் இருக்கும் ரெசிஸ்டரை இணைக்கும் டிப் சுவிட்ச். அரை கிலோமீட்டர் மெல்லிய கேபிளில் 75 வரை ஏறுவது இயல்பு.

இனி அதிகம் சொதப்பும் இடம். ஆர்எஸ்-485-ஐ ‘இரண்டு ஒயர்’ என்று சொல்லிச் சொல்லியே மூன்றாவதை மறந்துவிட்டார்கள். கருவிக்குள் லைனைக் கேட்கும் சிப்பின் காமனோடு ஒப்பிட்டால் லைன் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். காமன் ஒயர் இல்லாவிட்டால் ஒரு பேனலின் எர்த்துக்கும் அடுத்த பேனலின் எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் சிப்பின் தலையில் விழும். எல்லாக் கருவியின் காமன் டெர்மினலையும் அந்த ஒயரால் சேருங்கள். ஷீல்டை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஷீல்டு வழிநெடுக ஒன்றோடொன்று சேர்ந்து, எந்தப் பெட்டியையும் தொடாமல், மாஸ்டர் (மற்றக் கருவிகளைக் கேள்வி கேட்கும் கருவி) இருக்கும் பேனலின் எர்த் பாரில் மட்டும் இறங்கட்டும். டிரைவ் மேனுவல் இரு முனையிலும் கிளாம்ப் போடச் சொன்னால், ஒரே எர்த் பாரில் சேர்ந்த பேனல்களுக்குள் மட்டும் அதைச் செய்யலாம்.

ஜெனரேட்டர் தனி ரகம். கன்ட்ரோலரின் பேட்டரி மைனஸ் எஞ்சின் பிளாக்கில் கட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் சுழலும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து அந்த மைனஸையே அசைத்துவிடும். நின்றிருக்கும்போது ஒழுங்காகப் பேசிவிட்டு, கிராங்க் செய்யும்போது மட்டும் லைன் விட்டுப்போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பேட்டரி வோல்டேஜ் சரிந்து கன்ட்ரோலர் ரீசெட் ஆகிறதா என்றும் பாருங்கள். போர்ட்டில் ஐசொலேஷன் (நேரடி மின் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) இல்லையென்றால் ஐசொலேட்டர் ஒன்று போடத்தான் வேண்டும். கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஃபைபர்தான் நல்லது. ஜோகானஸ்பர்க் பக்கத்து இடிமின்னலுக்குச் செம்பு தாங்காது.

ஓட்டிப் பார்க்கும்போது மாஸ்டரோடு ஒரே ஒரு கருவியை இணைத்து, வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கும் பிட்) அமைப்பு இருபுறமும் ஒன்றுதானா என்று பார்த்துத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். டெர்மினலில் உள்ள ஏ, பி எழுத்துகளை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லைன் சும்மா இருக்கும்போது பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். மைனஸில் காட்டினால் ஒயரை மாற்றிப் போடுங்கள், எதுவும் எரியாது. பூஜ்யத்துக்கு அருகில் நின்றால் பயாஸ் (சும்மா இருக்கும் லைனை நிலையாகப் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்கள்) இல்லை: மாஸ்டர் பக்கம் மட்டும், 5 வோல்ட்டிலிருந்து பிளஸுக்கு ஒரு 560 ஓம், மைனஸிலிருந்து காமனுக்கு இன்னொன்று.

பேனல் கதவைத் திறக்கும் முன் 400 வோல்ட்டை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகாதபடி அதன் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.