புக்மார்க்குகளை நீக்கும்போதும் ஒழுங்குபடுத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்ந்து கிடக்கும் புக்மார்க்குகளை, அதாவது பிரவுசரில் சேமித்து வைத்த இணையப் பக்க முகவரிகளை, சரிசெய்ய உட்காரும் பலர் எடுத்த எடுப்பில் நீக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே நேர்கிறது. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னில் போய்க் கிடக்கும்; போனில் ஒரு படத்தை அழித்தாலும் சில நாட்களுக்கு அதை மீட்க முடியும். இந்தப் பழக்கத்தில், புக்மார்க்குக்கும் அப்படியொரு குப்பைத்தொட்டி இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். குரோமில் அப்படி எதுவும் இல்லை. நீக்கிய உடனே திரையின் கீழ்ப்பகுதியில் தோன்றும் ‘அன்டூ’ பொத்தானும், கணினியில் கண்ட்ரோல்+இசட் விசையும் அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும். பிரவுசரை முழுவதுமாக மூடிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஒரு ஃபோல்டரை நீக்கினால் அதனுள் ஐந்து லிங்க் இருந்தாலும் ஐந்நூறு இருந்தாலும் அத்தனையும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே, நீக்குவதற்கு முன்பு ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கணினியில் குரோமைத் திறந்து கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் வரும். அதன் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘எக்ஸ்போர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா புக்மார்க்குகளும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமிக்கப்படும். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் இந்த வசதி உண்டு. இந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். அந்தப் பிரவுசர் வழக்கொழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அதன் வடிவத்தையே எல்லோரும் பின்பற்றுவதால்தான் ஒரு பிரவுசரில் எடுத்த நகலை இன்னொரு பிரவுசரில் ஏற்ற முடிகிறது. கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்து வையுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: இந்தக் கோப்புக்குப் பூட்டு கிடையாது. ‘லிங்க் உள்ளவர்கள் யாரும் பார்க்கலாம்’ என்ற முறையில் உங்களுடன் பகிரப்பட்ட ஆவணங்களின் முகவரிகளும் அதில் அப்படியே இருக்கும் என்பதால், பொதுக் கணினியிலோ பலர் புழங்கும் டிரைவிலோ அதை விட்டுவைப்பது ஆபத்து.

‘எல்லாம் என் கணக்கில் சிங்க் ஆகியிருக்கிறதே, தனியாக நகல் எதற்கு?’ என்று கேட்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது போனில் புக்மார்க் பட்டியலைத் திறந்து, ‘படிக்க’ என்ற பெயரில் இருந்த ஃபோல்டரை நீக்கினேன். அது போனில் மட்டும் கிடக்கும் பழைய பிரதி என்பதே என் எண்ணம். மாலையில் கணினியைத் திறந்தபோது, இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்த அந்த ஃபோல்டர் அங்கேயும் இல்லை. பிரவுசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. எல்லாச் சாதனங்களையும் ஒரே நிலையில் வைப்பதுதான் சிங்க்கின் வேலை. அது சேர்ப்பதை எவ்வளவு விரைவாகப் பரப்புகிறதோ, நீக்குவதையும் அவ்வளவே விரைவாகப் பரப்பும். சிங்க் வேறு, பேக்கப் வேறு. இந்த வேறுபாட்டை அன்று நான் அறிந்திருந்தால் அந்த லிங்க்குகளில் பாதியையாவது காப்பாற்றியிருப்பேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சிங்க்கைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஒரு சாதனத்தில் மட்டும் நீக்குதல்களைச் செய்து, பிறகு மறுபடி இணைக்கும்போது, கணக்கில் இருக்கும் பழைய பட்டியலும் சாதனத்தில் இருக்கும் புதிய பட்டியலும் ஒன்றாகக் கலந்து, நீக்கியவை எல்லாம் திரும்பி வந்து நிற்கலாம். நகல் கையில் இருக்கிறது என்றால், சிங்க்கை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கணினியில் அமர்ந்து நிதானமாக வேலையை முடிப்பதே நல்லது. போனின் சிறிய திரையில் தலைப்பும் முகவரியும் பாதியோடு வெட்டுப்பட்டுத் தெரியும் என்பதால், எது எது என்று தெரியாமலே கைவைத்துவிடுகிறோம்.

தவறுதலாக நீக்கிவிட்டவர்கள் பதற்றத்தில் செய்யும் தவறுகள் தனி. ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே புக்மார்க்குகளின் நகல்களை எடுத்து, வழக்கமாகப் பதினைந்து வரை வைத்திருக்கும். கணினியில் அதன் லைப்ரரி சாளரத்தில் ‘ரீஸ்டோர்’ என்ற இடத்தில் அவை தேதிவாரியாகக் கிடைக்கும். ஆனால் ரீஸ்டோர் என்பது பழையதைச் சேர்ப்பதல்ல. இப்போது உள்ள பட்டியலை அகற்றிவிட்டு அந்த நாளின் பட்டியலை அப்படியே வைப்பது. எனவே அதற்கு முன்பும் ஒரு நகல் எடுத்தாக வேண்டும். ஐபோனில் ஐகிளவுட் வழியாக சஃபாரி புக்மார்க்குகளைச் சேமிப்பவர்கள், 30 நாட்களுக்குள் என்றால் ஐகிளவுட் இணையதளத்தின் ‘டேட்டா ரெக்கவரி’ பகுதியில் பழைய பட்டியலை மீட்கலாம். எச்டிஎம்எல் கோப்பை ‘இம்போர்ட்’ செய்வதோ இவற்றிலிருந்து மாறுபட்டது: இருப்பதன் மேல் இன்னொரு முறை எல்லாவற்றையும் கொட்டிவிடும். ‘வந்ததா இல்லையா’ என்ற ஐயத்தில் மூன்று முறை இம்போர்ட் செய்தவரிடம் ஒவ்வொரு லிங்க்கும் மூன்று மூன்றாக இருக்கும். எட்ஜில் புக்மார்க்குகளுக்கு ஃபேவரிட்ஸ் என்று பெயர்; இரட்டிப்பானவற்றை நீக்கும் கட்டளை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

இனி, எதை நீக்குவது என்ற கேள்விக்கு வருவோம். திறக்காத லிங்க்கையெல்லாம் குப்பை என்று தள்ளிவிடுவது மிகப் பரவலான தவறு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைக்கவில்லை. ஆகவே பழைய புக்மார்க்குகளில் ‘404’ (பக்கம் கிடைக்கவில்லை) என்று வருவதில் வியப்பில்லை. ஆனால் பக்கம் போய்விட்டாலும் அதன் முகவரிக்கு மதிப்பு உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டினால், சேமிக்கப்பட்ட பழைய பிரதி பல நேரங்களில் கிடைத்துவிடும். புக்மார்க்கை நீக்கிவிட்டால் அதைத் தேடுவதற்கான ஒரே சாவியையும் தொலைத்தவர்களாகிறோம். செத்த லிங்க்குகளை மொத்தமாகச் சோதித்து நீக்கித் தரும் எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களை) நான் பரிந்துரைப்பதில்லை. உள்நுழைந்தால் மட்டும் தெரியும் பக்கங்களையும், தானியங்கிச் சோதனையைத் தடுக்கும் தளங்களையும் அவை செத்தவை என்று முடிவுகட்டக்கூடும். மேலும், அத்தகைய எக்ஸ்டென்ஷன்களில் சில, நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தகவலையும் படிக்க அனுமதி கேட்கும். பட்டியலைத் துடைப்பதற்கு அவ்வளவு பெரிய உரிமையைக் கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையைக் குறைப்பதையே இலக்காகக் கொள்வதும் தவறுதான். சில ஆயிரம் புக்மார்க்குகள் இருந்தாலும் அவை வெறும் எழுத்துகள். பிரவுசர் மெதுவாக இயங்குவதற்குப் பெரும்பாலும் திறந்து கிடக்கும் டேப்களும் எக்ஸ்டென்ஷன்களுமே காரணம். தேடும்போது கிடைக்கவில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். என் பட்டியலில் ஒரு காலத்தில் ‘முகப்பு’ என்ற பெயரில் மட்டும் நான்கு புக்மார்க்குகள் வரிசையாக இருந்தன. தளம் தந்த தலைப்பை மாற்றாமல் நட்சத்திரக் குறியை அழுத்தியதன் விளைவு அது. இன்னொன்றின் முகவரி கேள்விக்குறிக்குப் பின்னால் இரண்டு வரி நீளத்துக்கு யூடிஎம் எனத் தொடங்கும் சொற்களை இழுத்துக்கொண்டு போனது. அவை எந்த விளம்பரத்திலிருந்தோ மடலிலிருந்தோ நாம் வந்தோம் என்று கணக்கு வைப்பதற்கானவை. யூடிஎம் பகுதிகளை வெட்டினாலும் பக்கம் திறக்கும். கேள்விக்குறிக்குப் பின் வருவதையெல்லாம் கண்மூடித்தனமாக வெட்டிவிடவும் கூடாது. சில தளங்களில் பக்கத்தின் எண்ணே அங்கேதான் இருக்கும். வெட்டியபின் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சேமிப்பதே முறை.

பெயரைத் திருத்தும்போது, பிற்காலத்தில் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவீர்களோ அந்தச் சொல்லை இடுங்கள். ஃபோல்டர்களை அடுக்கடுக்காகப் பெருக்குவதைவிட இது பல மடங்கு பயன் தரும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று நான்கு நிலைக்குப் போய்விட்டால், புதிய லிங்க்கை எங்கே வைப்பது என்ற தயக்கத்திலேயே எல்லாம் ‘இதர’ ஃபோல்டருக்குள் போய்ச் சேரும். இரண்டு நிலை போதும் என்பது என் அனுபவம். மீதியைத் தேடல் பார்த்துக்கொள்ளும்: கணினியில் குரோமின் முகவரிப் பட்டையில் @ குறியுடன் புக்மார்க்ஸ் என்பதை ஆங்கிலத்தில் தட்டி டேப் விசையை அழுத்தினாலும், ஃபயர்ஃபாக்ஸில் விசைப்பலகையின் * குறியும் ஓர் இடைவெளியும் விட்டுத் தேடினாலும் புக்மார்க்குகளிலிருந்து மட்டும் முடிவுகள் வரும்.

‘பெயர்வாரியாக வரிசைப்படுத்து’ என்ற கட்டளையையும் யோசித்தே தொட வேண்டும். கணினிக் குரோமில் அது பார்வையை மட்டும் மாற்றாமல் உள்ளிருக்கும் வரிசையையே மாற்றிவிடும். ஒரு வேலையின் படிகளை முதலில் எது, பிறகு எது என்று அடுக்கி வைத்திருந்தால் அந்த அடுக்கு குலைந்துபோகும்.

சில புக்மார்க்குகள் அன்றாடம் பயன்படாவிட்டாலும் இருந்தே ஆக வேண்டும். வங்கியின் உள்நுழைவுப் பக்கம் அவற்றில் முதலாவது. அதைத் தேடுபொறி வழியாகப் போய்த் திறப்பவர்கள், விளம்பரமாக மேலே வந்து நிற்கும் போலித் தளத்தில் சிக்கக்கூடும்; ஒருமுறை முகவரியைச் சரிபார்த்துச் சேமித்த புக்மார்க் வழியாகச் செல்பவருக்கு அந்த ஆபத்து குறைவு.

பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவும்போது, ‘உலாவல் தரவையும் அழிக்கவா’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் டிக் போட்டுவிடாதீர்கள். கணினியில் இருக்கும் புக்மார்க்குகள் அதோடு போய்விடும். வரலாற்றை அழிப்பது அப்படியல்ல, அது புக்மார்க்குகளைத் தொடாது. லிங்க்குகளை வேறொரு சேவையில் மட்டும் சேமித்து வைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கூகுள் புக்மார்க்ஸ் என்ற தனிச் சேவை 2021 செப்டம்பரில் மூடப்பட்டது; லிங்க்குகளைப் பிறகு படிக்கச் சேமித்து வைக்க லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று நிறுத்தப்பட்டது. அத்தகைய சேவை எதில் உங்கள் பட்டியல் இருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எக்ஸ்போர்ட் செய்து, தேதியிட்டு, உங்கள் கைவசம் உள்ள வட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.