புதைக்கும் முன் காட்டுங்கள்: புயல் வெள்ளத்தில் செத்த ஆடு மாடுகளுக்கு அரசு நிவாரணம் வாங்கும் வழி

மாடு செத்ததும் நாற்றம் எடுக்குமே என்று அவசரமாகக் குழி தோண்டிவிடுகிறார்கள். நிவாரணப் பணம் கைநழுவுவது பெரும்பாலும் அங்கேதான். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தானே, கஜா, ஃபெஞ்சல் என்று எந்தப் புயல் அடித்தாலும் இதே கதைதான்.

முதலில் விஏஓவுக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி உட்காராதீர்கள். அவர்கள் வருவதற்குள் செல்போனில் படம் எடுங்கள்: முழு உடல், முகம், கொம்பு, காது வில்லையில் உள்ள 12 இலக்க எண். உரிமையாளர் பக்கத்தில் நிற்க, கொட்டகையும் தெரிய இன்னொரு படம். வில்லையைக் கழற்றவே கூடாது. மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அதற்கும் வில்லைதான் சாட்சி.

டாக்டர் பார்த்து, இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுத்த பிறகு புதைக்கலாம். ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டு, கிணற்றுக்குத் தள்ளி.

வெள்ளம் அடித்துக்கொண்டு போய் உடலே கிடைக்கவில்லை என்றால்தான் சிக்கல். ஃபெஞ்சல் சமயத்தில், 2024 டிசம்பரில், தென்பெண்ணைக் கரை ஊர்களில் இப்படித்தான் பலர் தவித்தார்கள். வெறும் வாய்வார்த்தை அங்கே எடுபடாது. மருந்தகத்தில் கோமாரித் தடுப்பூசிப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பெயரும் வில்லை எண்ணும் அதில் இருக்கும். பால் சங்கத்தில் ஊற்றிய கணக்கு நோட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து எல்லாம் சேர்த்து மனுவோடு கொடுங்கள். ஆடு வைத்திருப்பவர்களுக்குக் குடற்புழு நீக்க முகாமில் எழுதிய எண்ணிக்கை உதவும். அதனால்தான் முகாம் போட்டால் தவறாமல் ஓட்டிக்கொண்டு போகச் சொல்வேன். மருந்தும் கிடைக்கும், கணக்கும் ஏறும்.

தொகை எவ்வளவு? 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிமுறைப்படி கறவை மாடு, எருமைக்கு 37,500 ரூபாய். உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000. கோழிக்குத் தலைக்கு 100, ஆனால் ஒரு குடும்பத்துக்கு 10,000க்கு மேல் கிடையாது. கறவையில் பெரிய மாடு என்றால் குடும்பத்துக்கு மூன்று, ஆடு என்றால் முப்பது என்பதுதான் வரம்பு. நல்ல கறவை மாடு வாங்க இந்தப் பணம் போதாது, அது வேறு விஷயம். விதிமுறை புதிதாக வரும்போது தொகையும் மாறும், தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயில் செத்ததை இதில் சேர்க்க முடியாது. பறவைக் காய்ச்சலில் போன கோழிகளுக்கு இந்தக் கணக்கில் பணம் இல்லை, அதற்குத் தனித் திட்டம். கொட்டகை தீப்பிடித்துச் செத்தால் கேட்கலாம். தீ விபத்தும் பேரிடர் பட்டியலில் உண்டு.

அப்புறம் பட்டியல். விஏஓ எழுதியது வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். அது மேலே போகும் முன்பே உங்கள் பெயர், எண்ணிக்கை, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் கண்ணால் பாருங்கள். பல காலம் தொடாத கணக்கைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போய்விடும். மாடு யார் பெயரில் பதிவோ அவர் கணக்கையே கொடுப்பது நல்லது.

பெயர் விட்டுப்போயிருந்தால் டீக்கடையில் புலம்பிப் பயனில்லை. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில், படங்களையும் டாக்டர் சான்றையும் நகல் எடுத்து இணைத்து மனு கொடுங்கள். அசல் எதையும் கொடுத்துவிடாதீர்கள். மனு ரசீதை வாங்காமல் அங்கிருந்து நகரவும் வேண்டாம்.