லூயி காலமா, லூயி பாணியா? பிரெஞ்சு சுவர் விளக்குகளில் ஏமாறும் இடங்கள்

தங்க முலாம் பூசிய பழைய பிரெஞ்சு வெண்கல விளக்கு ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது முன்பக்கத்தைத்தான். சுருண்ட இலை, ரிப்பன் முடிச்சு, தங்கப் பளபளப்பு. உடனே ‘பதினைந்தாம் லூயி காலம்’, அதாவது அந்த 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மன்னர் காலத்து வேலை, என்று முடிவு கட்டிவிடுவார்கள். தவறுகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. வடிவத்தை வைத்துப் பாணியைச் சொல்லலாம். வயதைச் சொல்ல, அதை வார்த்தவரும் முலாம் பூசியவரும் விட்டுப்போன தடயங்கள் வேண்டும். அவை பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும்.

1730 முதல் 1760 வரை பாரிஸில் கோலோச்சியது ரொக்கோகோ பாணி: இடமும் வலமும் ஒத்துப்போகாத வளைவுகள், கிளையா இலையா என்று பிரித்தறிய முடியாத சுருள்கள். அடுத்த மன்னர் பதினாறாம் லூயி காலத்தில் நேர்கோடு வந்துவிட்டது. அம்பறாத்தூணி, ஆட்டுக்கிடாத் தலை, லாரல் மாலை என்று அலங்காரமும் மாறியது. நெப்போலியன் ஆட்சியில் கழுகு, அன்னம், தீவட்டி. சரி, இதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாமே என்றால், முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனிக்கு, பதினாறாம் லூயியின் மனைவி மரி அந்துவானெத் மீது இருந்த மோகம், பதினாறாம் லூயி பாணியை மறுபடி அரண்மனைக்குள் கொண்டுவந்தது. பணக்கார வீடுகளும் அதையே கேட்டன, பாரிஸ் பட்டறைகள் செய்து கொடுத்தன. ஆன்ரி தாசோன் (1825–1896) போன்றவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் பேர்பெற்ற பொருள்களை நகலெடுத்து, தங்கள் பெயரையும் ஆண்டையும் வெளிப்படையாகப் பொறித்தார்கள். அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், சுமாரான 18-ஆம் நூற்றாண்டு விளக்கைவிட நல்ல தாசோன் வேலையே மேல்.

ஏலப் பட்டியலை மேலோட்டமாகப் படிப்பது அடுத்த தவறு. ‘பதினைந்தாம் லூயி பாணி’ என்று இருந்தால் அது பிற்காலத்து வேலை. ‘பதினைந்தாம் லூயி காலம்’ என்று எழுதினால்தான் விற்பவர் 18-ஆம் நூற்றாண்டு என்று பொறுப்பேற்கிறார். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் விலை பல மடங்கு மாறும்.

இனி விளக்கைத் திருப்பிப் பாருங்கள். மாட்டிவிட்டால் பின்பக்கம் கண்ணில் படாது என்பதால் பழைய வேலையாட்கள் அங்கே தங்கத்தை வீணாக்க மாட்டார்கள். ஓரங்களில் வழிந்த முலாம் கொஞ்சம் தெரியும், மற்ற இடமெல்லாம் கறுத்துப்போன உலோகம். அரம் ஓடிய கோடுகள் இருக்கும். திருகின் மரைகள் கையால் வெட்டியவை, அதனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. விளக்கில் மெழுகுவர்த்தியைத் தாங்கும் கிளைகளைக் ‘கை’ என்பார்கள்; ஒரு கையின் திருகு இன்னொரு கைக்குச் சரியாகப் பொருந்தாது. எந்தக் கை எந்த இடத்துக்கு என்று தெரிய, பொருந்தும் இரண்டு பாகங்களிலும் புள்ளியோ வெட்டுக்கோடோ போட்டிருப்பார்கள். பின்பக்கமும் முன்பக்கம் போலவே வழுவழுவென்று தங்கமாக ஜொலித்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஜோடியாக வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துவிடுங்கள். பழைய விளக்கையே அச்சாக மணலில் பதித்து இன்னொன்றை வார்த்தால், உருகிய உலோகம் ஆறும்போது ஒன்று, ஒன்றரை சதவீதம் சுருங்கும். 60 சென்டிமீட்டர் விளக்கின் பிரதி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். இலை நரம்பு போன்ற நுணுக்கங்களும் மழுங்கிவிடும். வளைவின் திசையையும் கவனியுங்கள். இவற்றைக் குளிர்காயும் கணப்பு அடுப்புக்கு மேலுள்ள கண்ணாடியின் இருபுறமும் மாட்டுவார்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம் கண்ணாடியில் பட்டு இரட்டிப்பாகும். அதனால் நல்ல ரொக்கோகோ ஜோடியில் ஒன்று இடப்பக்கம் வளைந்தால் மற்றது வலப்பக்கம் வளையும், இரண்டு உள்ளங்கைகள் மாதிரி. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், பெரிய தொகுப்பிலிருந்து பிரிந்து வந்தவையா, பிற்பாடு ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வார்த்தார்களா என்று கேளுங்கள்.

முத்திரை விஷயத்தில் ஏமாறுபவர்கள் ஓரளவு படித்தவர்களே. சில விளக்குகளில் கிரீடம் வைத்த ‘ஸி’ எழுத்து ஒன்று பொடியாகக் குத்தியிருக்கும். காஃபியேரி என்ற பெரிய வெண்கலக் கலைஞரின் முத்திரை அது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். உண்மையில் அது செம்பு கலந்த உலோகத்துக்கு 1745 முதல் 1749 வரை பிரான்ஸில் வசூலித்த வரியின் அடையாளம். அந்த ஆண்டுகளில் மறுபடி விற்பனைக்கு வந்த பழைய பொருளுக்கும் அதே முத்திரைதான் விழுந்தது. ஆக, விளக்கு 1749-க்குள் உருவாகிவிட்டது என்றுதான் அது சொல்லும், 1745-க்குப் பின் செய்தது என்று சொல்லாது. அதுவும் முத்திரை அசலாக இருந்தால்தான்.

கையெழுத்து இல்லை என்று நல்ல விளக்கைத் தள்ளிவிடுவதும் தவறு. 18-ஆம் நூற்றாண்டு வெண்கலக் கலைஞர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டதில்லை. பிரான்சுவா-தொமா ஜெர்மேன் என்ற பொற்கொல்லர் 1756-இல் பாரிஸின் பாலே ரொயால் மாளிகைக்குச் செய்த நான்கு விளக்குகள் இன்று லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் அவர் பெயர் இருப்பது அபூர்வமான விஷயம். கூடவே, பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனையிலிருந்து வந்தது என்ற கதைகளையும் சந்தேகத்தோடு கேளுங்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1793 ஆகஸ்டில் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு வெர்சாய் அரண்மனைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். 17,000-க்கும் மேற்பட்ட தொகுதிகள் கை மாறின. அதனால் ‘எங்கள் விளக்கும் அங்கிருந்து வந்ததுதான்’ என்று யாரும் சொல்லிவிடலாம். அரண்மனைப் பொருள் பதிவேட்டு எண்ணோ, பழைய ஆவணமோ இல்லாத வரைக்கும் அது வெறும் கதை.

முலாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். அதை வெண்கலத்தில் தடவிக் கரி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு சில இடங்களை அகேட் கல்லால் தேய்த்து மினுக்குவார்கள், சில இடங்களை மங்கலாகவே விடுவார்கள். மங்கல் முலாமைக் கண்டுபிடித்த பெருமை பியேர் கூத்தியேருக்கு (1732–1813) உரியது. பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் து பாரிக்காக வேலை செய்து, பணம் வராமல் திவாலாகி, வறுமையில் செத்தவர். முலாம் பூசியவர்களின் கதி அதைவிட மோசம்: பாதரச ஆவி கைகளை நடுங்கவைத்து, சீக்கிரமே ஆளை முடித்துவிடும். ராவ்ரியோ என்ற வெண்கலக் கலைஞர் 1814-இல் இறந்தபோது, அவர்களைக் காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு எழுதிவைத்தார். நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் அடுப்பை அமைத்த தார்சே என்ற வேதியியலாளர் அதைப் பெற்றார்.

1840-களில் பாதரசம் இல்லாமல் மின்சாரத்தால் தங்கம் பூசும் மின்முலாம் வந்தது. அதனால் ‘சோதனையில் பாதரசம் இருந்தது, ஆகவே 18-ஆம் நூற்றாண்டு’ என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டு முழுக்கவே நல்ல பட்டறைகள் பாதரச முலாமை விடவில்லை. தங்கமே இல்லை, தங்க நிற வார்னிஷ்தான் என்று தெரிந்ததும் போலி என்று ஒதுக்குவதும் அவசரம். செலவைக் குறைக்க அந்தக் காலத்திலேயே வார்னிஷ் பூசி விற்றார்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று நம்மவர்கள் கை வைத்தால் ஆபத்து. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பது சரி, இதற்குக் கூடாது. எலுமிச்சை, பாலிஷ், அம்மோனியா எதுவும் வேண்டாம். தங்கம் மெல்லிய படலம்தான், தேய்த்தால் போய்விடும். மங்கல், மினுக்கல் இரண்டும் ஒன்றாகிவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள், மற்றதை உலோகப் பராமரிப்பு தெரிந்தவரிடம் விடுங்கள்.

கடைசியாக மின்கம்பி. மெழுகுவர்த்திக்காகச் செய்த கைகள் பெரும்பாலும் உள்ளே கெட்டியானவை. அவற்றைத் துளைத்தால் வளைவில் இலை உடையும், மதிப்பும் விழும். மெல்லிய கம்பியைக் கையின் அடிப்பக்கமாக ஒட்டிக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே துளை இருந்தால் அதை வைத்து விளக்கு புதுசு என்று முடிவெடுக்காதீர்கள், 1900-ஐ ஒட்டி எத்தனையோ அசல்களைத் துளைத்திருக்கிறார்கள்.