தேய்ந்த கல்வெட்டைப் படிக்கச் சாக்பீஸ் வேண்டாம், கேமரா போதும்

பெங்களூரு டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கப் போகிறவர்கள் எழுத்தின் மேல் சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். துகள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். தப்பாகப் பூசிய கோடு அடுத்து வருபவரையும் தப்பாகப் படிக்க வைக்கும். பல கோணங்களில் எடுத்த படங்களை மென்பொருளில் இணைத்து, கல்லின் மேடுபள்ளத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக்கிப் படிக்கலாம். இந்தப் பதிவுக்குச் சாதாரண கேமராவே போதும். கோயிலில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

மேகமூட்டமான காலை நல்லது. வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும், மென்பொருள் குழம்பும். ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் மாறாமல் வைத்து, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் 70–80 சதவீதம் வரும்படி எடுங்கள். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பினால் ஆழம் கிடைக்காது. நீங்கள்தான் நகர வேண்டும். நேராக ஒரு வரிசை, பிறகு நான்கு பக்கமும் சாய்வாக. பக்கத்தில் ஓர் அளவுகோல் கட்டாயம். இல்லாவிட்டால் கல்லின் உண்மை அளவு மாதிரியில் வராது.

எண்ணெய் ஏறிக் கறுத்த கல்தான் பெரும் தொல்லை. பளபளப்பு கோணத்துக்குக் கோணம் இடம் மாறுவதால் அங்கே மாதிரியில் ஓட்டை விழும். லென்ஸில் போலரைசர் (பளபளப்பை வெட்டும் வடிகட்டி) மாட்டினால் குறையும். கல்லைத் துடைக்கவே கூடாது. போன் லைடாரை (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் உணரி) நம்ப வேண்டாம், ஓரிரு மில்லிமீட்டர் ஆழ எழுத்து அதில் பதியாது.

மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் படங்களிலிருந்து மாதிரியை உருவாக்கி, அதை மெஷ்லேப் என்ற மென்பொருளில் திறந்து நிறத்தை அணைத்துவிட்டு ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். பாசிக் கறை மறைந்து பள்ளம் மட்டும் நிற்கும். 'ந'வா 'த'வா என்று தடுமாறிய இடம் பெரும்பாலும் தெளியும். மூலப் படங்களை அழிக்காதீர்கள், நாளை நல்ல மென்பொருள் வந்தால் அவற்றிலிருந்தே மறுபடி செய்யலாம்.