ஊரில் கண்ணாடி போடப் போகிறீர்களா? லென்ஸின் எண்ணைக் கேளுங்கள்

ஊருக்குப் போகும்போது பல் டாக்டர், தையல்காரர், கண்ணாடிக்கடை என்று எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் கண்ணாடிக்கடையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது போனால், கையிருப்பில் உள்ள லென்ஸ்தான் கிடைக்கும். புரோகிரெசிவ் (தூரம், கிட்டம் இரண்டுக்கும் கோடில்லாத ஒரே லென்ஸ்), அதிக பவர் எல்லாம் பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துத்தான் வரும்.

பிரேம் பார்க்க அரை மணி நேரம் செலவழிப்போம், லென்ஸுக்கு "நல்லதாப் போடுங்க" என்பதோடு சரி. போன முறை நானும் அப்படித்தான். மைனஸ் 5 பவருக்குச் சாதா ஃபைபர், அதாவது சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ், போட்டுவிட்டார்கள். அகலமான பிரேம் வேறு. ஓரம் வெளியே துருத்திக்கொண்டு, சோடாபுட்டியேதான்.

கடைக்காரர் "தின் லென்ஸ்" என்றால், எந்த எண் என்று கேளுங்கள். இது பவர் இல்லை; லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் எண், ஆங்கிலத்தில் இண்டெக்ஸ். சாதா ஃபைபர் 1.5. இரண்டு பவர் வரை இதற்குமேல் செலவழிப்பது வீண்; பார்வைத் தெளிவிலும் இதுதான் முன்னால் நிற்கும். மூன்று, நான்கு என்றால் 1.6. ஆறைத் தாண்டினால் 1.67. அதற்கும் மேலே 1.74 இருக்கிறது, விலையும் எகிறும். எண் ஏற ஏற லென்ஸ் மெலியும். ஆனால் 1.67, 1.74 இரண்டிலும் ஓரக்கண்ணால் பார்த்தால் விளக்கைச் சுற்றி நிறம் பிரிந்து தெரியலாம். சிலருக்கு அது பெரிய தொல்லை. மைனஸ் பவர்காரர்கள் சின்ன பிரேம் எடுத்தாலே பாதித் தடிமன் பிரச்சினை தீரும்.

குழந்தைகளுக்கு யோசிக்கவே வேண்டாம், பாலிகார்பனேட்தான். இதன் எண் 1.59, கடையில் 'அன்பிரேக்கபிள்' என்பார்கள். அடி தாங்கும், புறஊதாக் கதிரையும் தானே தடுக்கும். கீறல்தான் சீக்கிரம் விழும். அதனால் பைக்கில் போய் வந்த தூசியோடு சட்டை நுனியால் துடைக்காமல் தண்ணீரில் கழுவுங்கள். லென்ஸில் துளை போட்டு மாட்டும் ரிம்லெஸ் பிரேமுக்கும் இது அல்லது டிரைவெக்ஸ் என்ற இன்னொரு அடிதாங்கும் லென்ஸ் போடுங்கள். சாதா ஃபைபரில் துளை போட்ட இடம் விரிசல் விடும்.

வெளிநாட்டுக் கண் டாக்டர் எழுதித் தரும் பவர் சீட்டில் பி.டி., அதாவது இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம், பல சமயம் இருக்காது. கடையிலேயே அளக்கச் சொல்லுங்கள். பில்லில் லென்ஸ் எண்ணை எழுதி வாங்குங்கள். கண்ணாடியை வாங்கும்போது உங்கள் எதிரிலேயே மெஷினில் வைத்துப் பவரைச் சரிபார்க்கச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அப்புறம், புதுக் கண்ணாடியைக் கார் டாஷ்போர்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள். அந்த வெயிலில் கோட்டிங் வெடித்துவிடும்.